புதுப்பிப்பு: பழைய வேனில் இரண்டாவது பேட்டரி நிறையாத சிக்கல்

வீட்டு வண்டியாக மாற்றிய பழைய டெம்போ டிராவலரில், விளக்குக்கும் மின்விசிறிக்குமாகப் பின்புறம் வைத்த 12 வோல்ட் பேட்டரி எவ்வளவு தூரம் ஓட்டினாலும் நிறையவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது.

ராயபுரத்தில் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் என்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தபோது, ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிறைக்கும் கருவி) முனையில் 14.2 வோல்ட்டும் பின்பேட்டரியில் 13.1 வோல்ட்டும் காட்டியது. “தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஒயரைத்தான் மாத்தணும்” என்றார். வண்டியோடு வந்த நீண்ட, மெல்லிய ஒயரும், கடற்காற்றில் பச்சை பூத்திருந்த அதன் முனையும்தான் அந்த ஒரு வோல்ட்டை விழுங்கியிருந்தன. ஈய அமில பேட்டரி முழுமையாக நிறைய ஏறத்தாழ 14.4 வோல்ட் தேவை என்பதால், இந்த இழப்பு சிறியதன்று.

இப்போது 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் போட்டு, என்ஜின் நின்றதும் இரு பேட்டரிகளையும் பிரித்துவிடும் ரிலேயும் வைத்தாயிற்று. பின்பேட்டரி 14 வோல்ட்டைத் தொடுகிறது. கேபிளின் இரு முனைகளிலும் பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வையுங்கள். இரு பக்கமும் மின்சாரம் இருப்பதால், கேபிள் எங்கே உரசி வண்டியின் இரும்பைத் தொட்டாலும் தீப்பிடிக்கலாம். லித்தியம் பேட்டரி வாங்க நினைப்பவர்கள் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்காமல் டிசி-டிசி சார்ஜர் (வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கித் தரும் கருவி) வழியாகவே இணைக்க வேண்டும்.