ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஒன்று, இன்சூரன்ஸ் தரும் தொகை வேறு: காசாக வாங்கிக்கொள்ளலாமா?

வெள்ளைவண்டி:
சிக்னலில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டது. பின் பம்பர், டிக்கி, இடது பக்கத் தகடு எல்லாம் அடி. என் பாலிசியில்தான் கிளெய்ம் போட்டேன். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) ஒப்புக்கொண்டார். வேண்டுமானால் அந்தத் தொகையை என் கணக்கிலேயே போட்டுவிடுவதாகக் கம்பெனி சொல்கிறது. வண்டி ஓடுகிறது, டிக்கியும் மூடுகிறது. பம்பரை மட்டும் மாற்றிவிட்டு மீதியைக் கார் லோனில் கட்டிவிடலாமா?

ஓட்டைசைலன்சர்:
வாங்கிக்கோங்க பாஸ். ஓடுற வண்டிக்கு எதுக்கு அழகு?

பழையபாடிஷாப்:
அவசரப்படாதீங்க. பாடி ஷாப்பில் கிளெய்ம் பேப்பர் பார்த்த ஆள் நான். இப்போது வேறு வேலை, அதனால் யாருக்கும் வக்காலத்து இல்லை.

முதலில் பம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக் உறை. அடி வாங்கி உள்ளே போய், மறுபடி நிமிர்ந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் சட்டம், ஸ்டெப்னி உட்காரும் தரைத் தகடு இதெல்லாம் நெளிந்திருந்தால் கழற்றாமல் தெரியாது. டிக்கி மூடுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டிக்கிக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். கூடுதல் சேதம் தெரிந்தால் ஒர்க்‌ஷாப் சப்ளிமெண்டரி எஸ்டிமேட் போடும். வேலை தொடங்கும் முன் சர்வேயர் அதைப் பார்த்தாக வேண்டும். பழைய பார்ட்ஸைத் தூக்கிப் போட்டபின் கேட்டால் கிடைக்காது. காசை வாங்கி ‘முழு, இறுதித் தீர்வு’ என்று கையெழுத்தும் போட்டுவிட்டால் கேட்கவே வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறைத்தது எதற்கு என்று உருப்படி வாரியாக எழுத்தில் வாங்குங்கள். தேய்மானமும் (பார்ட்ஸ் பழசானதற்குக் கழிப்பது) டிடக்டிபிளும் (கிளெய்மில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) பாலிசியிலேயே இருந்தால் சண்டை போட்டுப் பயனில்லை. ஒர்க்‌ஷாப் ‘மாற்ற வேண்டும்’ என்று எழுதியதை சர்வேயர் ‘தட்டி நிமிர்த்தலாம்’ என்று திருத்தியிருந்தால் அங்கே தாராளமாகப் பேசலாம். லேபரும் அப்படித்தான். காசாகக் கொடுக்கும்போது வரியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, பில் இல்லையே!

லோன் என்கிறீர்கள். பாலிசியில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர்கள் சம்மதமும் ரிப்பேர் பில்லும் கேட்கலாம்.

இன்னொன்று. அதே மூலையில் மறுபடி யாராவது இடித்தால், இன்றைக்கு எடுத்த போட்டோவை வைத்துப் பழைய சேதத்தைக் கழித்துவிடுவார்கள்.

வெள்ளைவண்டி:
அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் இடைவெளி நன்றாகவே அகலம்! நாளை கழற்றச் சொல்லிவிட்டேன். டிடக்டிபிளை வேன்காரரின் இன்சூரன்ஸிடம் கேட்கலாமா?

பழையபாடிஷாப்:
தப்பு அவர் பக்கம் என்றால் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கம்பெனி அவர்களிடம் வசூலிக்கப் போகிறதா, அதில் உங்கள் பங்கையும் சேர்ப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். கழற்றும்போது பக்கத்திலேயே நின்று நீங்களும் போட்டோ எடுங்கள். வண்டியை டெலிவரி எடுக்கும்போது ‘வேலை திருப்தி’ என்று ஒரு தாள் நீட்டுவார்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.