‘மாறாத தேவன்’ செய்தி: பதினோராம் வசனத்தை ஏன் விட்டார்?

முதுநகர்வாசி:
போன ஞாயிறு கடலூரில் ஒரு சபையில் கொடுத்த ‘மாறாத தேவன்’ செய்தியைப்போல வேத ஆழமுள்ள பிரசங்கம் நம் பக்கத்தில் வந்ததே இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போதகர் 1 சாமுவேல் 15:29-ஐ மூன்று தடவை வாசித்தார்: “மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல.” சரி. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தை ஏன் விட்டார்? “நான் சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது” என்று கர்த்தரே சொல்கிறார். 35-ஆம் வசனம் அதையே திரும்பச் சொல்கிறது. எபிரெயத்தில் மூன்று இடத்திலும் ‘நாஹம்’ (மனம் வருந்துவது, மனம் மாறுவது) என்ற ஒரே சொல்தான். இரண்டையும் மறைத்துவிட்டு “ஜெபம் தேவனை அசைக்காது, நம்மைத்தான் மாற்றும்” என்று முடித்தார்.

வசனப்பிரியன்:
அதை எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் பிரதர். மல்கியா 3:6 “நான் கர்த்தர், நான் மாறாதவர்.” யாக்கோபு 1:17 “யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை.” இதற்கு மேல் என்ன வேண்டும்? மனஸ்தாபம் என்பது மனித பாஷை. தாதி குழந்தையிடம் மழலையில் பேசுவது போல தேவன் நம்மிடம் பேசுகிறார் என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 16-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்.

முதுநகர்வாசி:
11 மழலை என்றால் 29 மட்டும் எப்படிப் பெரியவர் பேச்சு ஆகும்? அதே அதிகாரம், அதே சொல். அப்புறம் மல்கியாவையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதி: “ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை.” உடன்படிக்கையைக் கைவிடமாட்டேன் என்பதுதான் அங்கே பேச்சு. போதகரும் அந்தப் பாதியை வாசிக்கவில்லை. 11-க்கு வாருங்கள்.

மிஷன் வீதி:
புதுச்சேரியிலிருந்து ஒரு கத்தோலிக்கன். கடவுள் மாறாதவர் என்பதை 1870-ல் எங்கள் ஆயர்களின் பொதுக்கூட்டமான முதல் வத்திக்கான் சங்கமே அறிக்கையிட்டிருக்கிறது. ஜெபம் பற்றி எங்கள் இறையியல் மேதை தாமஸ் அக்குவினாஸ் தெளிவாகச் சொல்கிறார்: கடவுளின் திட்டத்தை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் வைத்திருப்பதைப் பெறவே ஜெபிக்கிறோம். உங்கள் போதகர் அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ‘மனஸ்தாபம்’ என்றால் இன்றைக்கு அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது. எங்கள் பொது மொழிபெயர்ப்பில் யோனா 3:10 “தம் மனத்தை மாற்றிக்கொண்டார்” என்றே இருக்கிறது.

முதுநகர்வாசி:
பார்த்தீர்களா, மனத்தை மாற்றிக்கொண்டார்! என் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

மிஷன் வீதி:
நான் சொன்னது அதுவல்ல. மொழியைப் பற்றிச் சொன்னேன்.

வசனப்பிரியன்:
நீங்கள் குறை சொல்லும் எங்கள் வேதாகமம், 1871-ல் மிஷனரி பவர் ஐயர் குழு செய்தது, அந்த மொழிபெயர்ப்பில்தான் என் தாத்தா இரட்சிக்கப்பட்டார். அதைக் குறை சொல்ல வேண்டாம். கடலூருக்கு 1740-லேயே மிஷனரி கீர்நாண்டர் வந்து ஊழியம் செய்தார். 1758-ல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயர் வைத்திருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போக வேண்டியதாயிற்று. உங்கள் ஊரிலிருந்து வந்த படைதான் அது.

மிஷன் வீதி:
அப்படியா? 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்களே, அதில் எங்கள் பேராலயமான சம்பா கோயிலும் போனதே, அதையும் சொல்லுங்கள். இப்போது நிற்பது 1791-ல் கட்டி முடித்தது. கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் நாங்களும் பார்ப்போம்.

முதுநகர்வாசி:
கோட்டையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். 11-ஆம் வசனம்.

வசனப்பிரியன்:
உங்களுக்கு 11 பிரச்சினை இல்லை பிரதர். போன வருஷம் உபவாசக் கூட்டத்தில் செய்தி கொடுக்க உங்களைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து எந்தப் போதகர் பேசினாலும் குற்றம்தான்.

முதுநகர்வாசி:
அதை இங்கே இழுக்கிறீர்கள் என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். கேளுங்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று சாயங்காலம் வரைக்கும் என் தங்கை மகனைக் காணவில்லை. அலை வந்த மணலிலேயே முழங்காலில் நின்றேன். இருட்டின பிறகு உயிரோடு கிடைத்தான். அன்று நான் என்னை மாற்றிக்கொள்ளவா ஜெபித்தேன்? “ஜெபம் தேவனை அசைக்காது” என்று ஒருவர் மைக்கில் சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும்? எரேமியா 18-ஐப் படியுங்கள். ஒரு ஜாதி திரும்பினால் தாம் நினைத்த தீங்கைச் செய்யாமல் மனஸ்தாபப்படுவேன் என்று அவரே வாக்குக் கொடுக்கிறார். யோனா போய்ப் பிரசங்கித்த நினிவே பட்டணத்துக்கு அப்படியே செய்தார். அந்தக் குணம்தான் மாறாதது. மனம் இரங்குவதிலேயே அவர் மாறாதவர். இதைப் போதகர் சொல்லியிருந்தால் நானே எழுந்து ஆமென் சொல்லியிருப்பேன்.

தேவனாம்பட்டினத்துக்காரி:
அண்ணா, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் பிள்ளை கிடைத்தான், ஸ்தோத்திரம். எங்கள் தெருவிலும் முழங்காலில்தான் நின்றோம். என் அக்காவின் இரண்டு பெண்களும் கிடைக்கவில்லை. உங்களுக்கு மனம் இரங்கினார் என்றால் எங்களுக்கு ஏன் இரங்கவில்லை? இருபது வருஷத்துக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன ஞாயிறு “அவர் அன்றும் அதே தேவன், இன்றும் அதே தேவன்” என்று போதகர் சொன்னபோது முதல் தடவையாக அழுகை நின்றது. அந்தச் செய்தியில் என்ன குறை இருந்தாலும் எனக்கு அது போதும்.

வசனப்பிரியன்:
சகோதரி சொன்னதுதான் பிரசங்கத்தின் கனி. இதற்கு என்ன சொல்கிறீர்கள் பிரதர்?

முதுநகர்வாசி:
தங்கச்சி, உன் துக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னோடு நான் வாதாடவும் மாட்டேன். ஆனால் ஆறுதல் தந்தது என்பதற்காக வசனத்தை மறைத்தது சரியாகிவிடாது. அந்தப் பதினோராம் வசனத்தில்தான் தேவன் துக்கப்படுகிறார். அதைப் படித்திருந்தால் உனக்கு இன்னும்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

தேவனாம்பட்டினத்துக்காரி:
எனக்கு எது ஆறுதல் என்று நீங்கள் சொல்ல வேண்டாம் அண்ணா.

மிஷன் வீதி:
துக்கம் கடவுளின் இயல்பில் உண்டா என்பதே வேறு கேள்வி. முதலில் ‘மாறாமை’ என்றால் என்ன என்று...

முதுநகர்வாசி:
வேறு கேள்வி எல்லாம் அப்புறம். 1 சாமுவேல் 15:11. வசனப்பிரியன், நாளைக்கு அந்தப் போதகரைப் பார்த்தால் ஏன் விட்டார் என்று கேட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

வசனப்பிரியன்:
நான் ஏன் கேட்க வேண்டும்? நீங்கள் அங்கேதானே உட்கார்ந்திருந்தீர்கள்.