மாங்கனைட்டுகளின் காந்தத்துக்கு இரட்டைப் பரிமாற்றம் மட்டும் போதுமா?

காந்தஊசி:
மாங்கனைட்டு என்பது மாங்கனீசும் ஆக்சிஜனும் வேறொரு உலோகத்தோடு சேர்ந்த படிகம். லாந்தனம் மாங்கனைட்டில் எல்லா மாங்கனீசும் 3+ அயனி. கால்சியம் மாங்கனைட்டில் எல்லாமே 4+. இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாது, இரண்டும் எதிர் ஃபெரோகாந்தப் பொருள்கள், அதாவது அயனிகளின் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்துசெய்கின்றன. ஆனால் லாந்தனத்தில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டுக் கால்சியத்தை வைத்தால், சுமார் 250 கெல்வினுக்குக் கீழே ஃபெரோகாந்தமும் (ஸ்பின்கள் எல்லாம் ஒரே திசை) உலோகத்தன்மையும் சேர்ந்தே வருகின்றன. 1951இல் இயற்பியலாளர் ஸீனர் சொன்ன இரட்டைப் பரிமாற்றமே இதற்குப் போதும் என்பது என் கட்சி. 3+ அயனியின் கூடுதல் எலக்ட்ரான், நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாகப் பக்கத்து 4+ அயனிக்குத் தாவுகிறது. இரண்டு அயனிகளின் ஸ்பின்னும் ஒரே திசையில் இருந்தால்தான் தாவல் எளிது. தாவத் தாவ ஆற்றல் குறையும், அதனால் ஸ்பின்களும் ஒரே பக்கம் திரும்புகின்றன. காந்தமும் கடத்தலும் ஒன்றாக வர இதைவிட நேரான காரணம் வேண்டுமா?

படிகப்பித்தன்:
தாவலை யாரும் மறுக்கவில்லை. அளவுதான் இடிக்கிறது. இரண்டு ஸ்பின்களுக்கு இடையே உள்ள கோணத்தில் பாதியை எடுத்து, அதன் கொசைனைப் பாருங்கள். தாவலின் வலிமை அதைப் பொறுத்தது. ஸ்பின்கள் முழுக்கக் கலைந்து போனாலும் சராசரி மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. அதாவது ஃபெரோகாந்தம் மறையும் கியூரி வெப்பநிலையைத் தாண்டினாலும் தாவல் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. இவ்வளவுக்கே ஓர் உலோகம் மின்காப்புப் பொருள்போல நடந்துகொள்ளுமா? 1995இல் மில்லிஸ், லிட்டில்வுட், ஷ்ரைமன் மூவரும் எழுப்பிய ஆட்சேபம் இதுதான். 3+ அயனி தன்னைச் சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜன்களின் கூட்டை இழுத்துக் கோணலாக்குகிறது. இது ஜான்-டெல்லர் சிதைவு. எலக்ட்ரான் நகர வேண்டுமானால் அந்தக் கோணலும் கூடவே நகர வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் மின்தடை சரியாக வராது.

காந்தஊசி:
அப்படியென்றால் கால்சியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரான்ஷியத்தை வைத்தால் என்ன சொல்வீர்கள்? அதே 30 சதவீதம், கியூரி வெப்பநிலை சுமார் 370 கெல்வின், அதற்கு மேலேயும் உலோகம்போலத்தான் இருக்கிறது. அங்கேயும் 3+ உண்டே, கோணல் ஏன் ஆளவில்லை? கால்சியம் சிறிய அயனி, அதனால் மாங்கனீசு–ஆக்சிஜன்–மாங்கனீசு கோணம் கூடுதலாக வளைகிறது, தாவல் தளர்கிறது. இது என் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும்.

அலைநீளம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லாந்தனத்தின் இடத்தில் பிராசியோடிமியத்தை வைத்து, கால்சியம் 30 சதவீதத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எவ்வளவு குளிர்வித்தாலும் அது உலோகமாவதில்லை. 3+, 4+ விகிதம் மாறவே இல்லை, ஆனாலும் மின்னூட்டங்கள் வரிசைகட்டி உறைந்துவிடுகின்றன. சில டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் அந்த உறைவு உடைந்து, மின்தடை பல்லாயிரம் மடங்கு சரிகிறது.

காந்தஊசி:
நன்றி, என் வாதத்துக்கு இதுவே சாட்சி. காந்தப்புலம் பிடித்துத் திருப்புவது ஸ்பின்னைத்தான், ஆக்சிஜன் கூட்டை அல்ல.

படிகப்பித்தன்:
சாவி ஸ்பின்னிடம் இருக்கலாம், பூட்டு எங்கே இருக்கிறது? கோண வாதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். 1996இல் ஸாவோ, கோண்டர், கெல்லர், முல்லர் ஆகியோர், 20 சதவீதம் கால்சியம் உள்ள மாங்கனைட்டில் ஆக்சிஜன்-16ஐ ஆக்சிஜன்-18ஆக மாற்றிப் பார்த்தார்கள். கியூரி வெப்பநிலை சுமார் 20 கெல்வின் இறங்கியது. அயனி அதே, எலக்ட்ரான் எண்ணிக்கை அதே, கூடியது ஆக்சிஜனின் நிறை மட்டுமே. அசையாத கூட்டை வைத்து எழுதிய ஸீனரின் கணக்கில் ஆக்சிஜனின் நிறைக்கு எங்கே இடம்? கூடு அதிர்கிறது, எலக்ட்ரான் அந்த அதிர்வோடு பிணைந்திருக்கிறது. அதனால்தான் கியூரி வெப்பநிலையே நகர்கிறது.

காந்தஊசி:
தாவலின் வலிமையை அதிர்வு குறைக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது. குறைந்த பிறகு மிஞ்சுவதும் தாவல்தானே? ஸ்பின்னை வரிசைப்படுத்துவது அப்போதும் அதுவே.

படிகப்பித்தன்:
வரிசைப்படுத்துவது அதுதான். எந்த வெப்பநிலையில், எவ்வளவு திடீரென்று என்பதைத் தீர்மானிப்பது அது அல்ல. 30 சதவீதக் கால்சியப் பொருளில் கியூரி வெப்பநிலைக்கு மேலே, அருகருகே உள்ள கோணல்கள் சிறு திட்டுகளாக ஒழுங்குபட்டிருப்பதை நியூட்ரான் சிதறலில் பார்த்திருக்கிறார்கள். காந்தம் வந்ததும் அந்தச் சிதறல் மறைந்துவிடுகிறது. கால்சியத்தில் நிலைமாற்றம் முதல் வகை, ஒரே தாவாக நடக்கிறது. ஸ்ட்ரான்ஷியத்தில் அது மெல்ல வரும் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை ஸ்பின்னை மட்டும் வைத்து எழுதிக் காட்டுங்கள், நான் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.