ஜார்ஜ் ராஜாவும் அவர் தம்பியுமா? பழைய படத்தில் இருக்கும் பட்டாள உடுப்பை அடையாளம் காண உதவி வேண்டும்

மண்டபத்துக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு சட்டம் போட்ட படம் தொங்குகிறது. அப்பத்தாவின் மாமனார் தனுஷ்கோடி கப்பல் துறையில் வேலை பார்த்தவர். தலைமன்னார் கப்பலில் வந்த யாரோ அவருக்குக் கொடுத்தார்களாம். 1964 புயலுக்கு முன்பே மண்டபத்துக்குக் கொண்டு வந்துவிட்டதால் தப்பியது. அந்த வீட்டில் இருந்த மற்ற எதுவும் மிஞ்சவில்லை.

படத்தில் பட்டாள உடுப்பில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி மீசை. இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். "ஜார்ஜ் ராஜாவும் அவர் தம்பியும்" என்று அப்பத்தா சொல்லும். படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்திருக்கிறது. இப்போது 'லின்' என்று முடிவது மட்டும் தெரிகிறது. பக்கத்தில் 19, அப்புறம் அழிந்துபோன ஓர் எண், கடைசியில் 3.

டப்ளின் 1903 என்று நினைத்து, பிரிட்டிஷ் பட்டாள உடுப்புப் படங்களை இரண்டு வாரமாகப் பார்த்துவிட்டேன். எதிலும் பொருந்தவில்லை. இன்னொரு தொல்லை, உப்புக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து ஸ்கேன் செய்யலாமா?

கீழக்கரை காக்கா:
பிரிக்காதீங்க தம்பி! படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும், அட்டை உங்கள் கையோடு வரும். எங்கள் வாப்பா கொழும்பில் எடுத்த படத்தை நான் அப்படித்தான் பாழாக்கினேன்.

கண்ணாடியோடே செல்போனில் எடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். உங்களுக்குப் பின்னால் யாரையாவது கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் சட்டையும் எதிர்ச் சுவரும் கண்ணாடியில் விழாது. முழுப்படம் ஒன்று போதும். மணிக்கட்டு, கழுத்துப்பட்டை, தோள், மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

சாயல்குடி:
இதில் என்ன சந்தேகம், ஒருவர் நம்ம சேதுபதி மகாராஜா. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கமுதி எக்ஸ்-சர்வீஸ்:
சேதுபதி இல்லை. 1803-க்குப் பிறகு ராமநாதபுரம் ஜமீன். ஜமீனுக்கு ஏது ரெஜிமென்ட்? பிகானிர் கங்கா சிங் மாதிரி சமஸ்தான ராஜாக்களுக்குத்தான் சொந்தப் படை இருந்தது.

மண்டபத்துத் தம்பிக்கு: முகத்தை வைத்துத் தேடினால் ஊர் சுற்றுவீர்கள். உடுப்பைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1877-ல் சிறு பையனாகக் கடற்படையில் சேர்ந்தவர், அவருடைய பாதிப் படங்கள் கடற்படை உடுப்பில்தான் இருக்கும். அதில் பதவி மணிக்கட்டில் தெரியும். அகலமான ஒரு பட்டை, அதன்மேல் மூன்று மெல்லிய பட்டை என்றால் அட்மிரல். நான்கு என்றால் அதற்கும் மேலே. தரைப்படை கார்ட்ஸ் ரெஜிமென்ட் என்றால் பொத்தானை எண்ண வேண்டும். ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில் இருந்தால் கிரெனடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக இருந்தால் ஸ்காட்ஸ்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஜார்ஜுக்குக் கூடப்பிறந்த தம்பி யாரும் உயிரோடு இல்லை. ஒரு தம்பி 1871-ல் பிறந்த மறுநாளே இறந்துவிட்டான். அண்ணன் ஆல்பர்ட் விக்டரும் 1892-ல் போய்விட்டார். அப்பத்தா கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழக்கரை காக்கா:
இன்னொன்று. நிறத்தை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்து நெகட்டிவ் நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் காட்டும். ரத்தச் சிவப்புக் கோட்டு கரி மாதிரி விழும். வெளிர்நீல ரிப்பன் வெள்ளையாகத் தெரியும். 'கறுப்பு உடுப்பு' என்று தேடித்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள்.

மண்டபத்துக்காரன்:
குடை யோசனைக்கு நன்றி காக்கா, அப்பத்தாவே குடையைப் பிடித்தது. ஐந்து படம் போட்டிருக்கிறேன்.

பதக்கங்கள் இருவருக்கும் இடது மார்பில்தான், ஆகவே நெகட்டிவ் தலைகீழாகப் பிரிண்ட் ஆகவில்லை என்று நினைக்கிறேன். மணிக்கட்டில் கடற்படைப் பட்டை இல்லை. இடதுபக்க ஆளின் மார்பு முழுக்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே முறுக்குக் கயிறு வரிவரியாகப் போகிறது. வலதுபக்க ஆளுக்கு அது இல்லை.

கமுதி எக்ஸ்-சர்வீஸ்:
குறுக்குக் கயிறு என்றால் ஹுஸார், குதிரைப்படை. வரி எத்தனை? பிரிட்டிஷ் ஹுஸார் கோட்டில் ஆறு இருக்கும். பிரஷ்ய ஜெர்மன் கோட்டில் ஐந்து.

மண்டபத்துக்காரன்:
எண்ணுவதே பெரும்பாடாகிவிட்டது. நடு மார்பில் ராமபாணப் பூச்சி தின்று, ஐந்து பைசா அளவுக்கு ஓட்டை. அதில் ஒரு வரி காணாமல் போயிருக்கலாம் அல்லவா? அப்புறம் பார்த்தால் கயிற்றின் நுனிகள் இரண்டு விலாப்பக்கமும் முடிச்சாக நிற்கின்றன, பூச்சி அங்கே போகவில்லை. முடிச்சுகளை எண்ணினேன். வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து.

காரைக்குடி பழம்பொருள்:
அப்படியானால் 'லின்' டப்ளின் இல்லை, பெர்லின். ஆண்டு 1913. இந்தப் படத்தின் பிரதி ஒன்று என் கடைக்கே வந்திருக்கிறது.

1903-ல் டப்ளின் போனவர் ஏழாம் எட்வர்ட், ஜார்ஜின் அப்பா. அறுபதைத் தாண்டிய பருமனான ஆள். உங்கள் படத்தில் இருப்பவர்கள் ஒரே வயசு. 1913 மே 24-ல் பெர்லினில் ஜெர்மன் கைசர் வில்ஹெல்மின் ஒரே மகள் விக்டோரியா லூயிஸுக்குக் கல்யாணம். அதற்குப் போனபோது எடுத்தது. வலது பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், இடது பக்கம் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ்.

இரண்டு பேரும் ஏன் ஜெர்மன் உடுப்பில் என்று கேட்பீர்கள். அன்றைய அரசர்கள் தங்கள் ரெஜிமென்ட்டுக்கு ஒருவரையொருவர் கௌரவத் தலைவராக்கிக்கொள்வார்கள். நிக்கோலாஸுக்கு ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலிய ஹுஸார் 8-ஆம் ரெஜிமென்ட், ஜார்ஜுக்கு ரைன்லாந்து கியூராசியர் (மார்புக்கவசம் போடும் குதிரைப்படை), அதுவும் 8-ஆம் ரெஜிமென்ட். இங்கிலாந்திலும் இதே கதைதான். நிக்கோலாஸ் 1894-லிருந்து ஸ்காட்ஸ் கிரேஸுக்குத் தலைவர், ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் ஜோசப் 1896-லிருந்து கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸுக்கு. விருந்துக்குப் போகும்போது அந்த வீட்டு உடுப்பைப் போடுவது மரியாதை. சம்பந்தி வீட்டில் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போகிறோமே, அது மாதிரி. அதனால் உடுப்பு எந்த நாடு என்று தெரிந்தாலும் ஆள் எந்த நாடு என்று தெரிந்துவிடாது. நீங்கள் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் சண்டை வந்தது. செப்டம்பர் 22-ல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்தச் சமயத்தில் ஜெர்மன் உடுப்பில் நிற்கும் ஜார்ஜைச் சுவரில் மாட்டி வைக்க உங்கள் வீட்டில் தனித் துணிச்சல் இருந்திருக்க வேண்டும். இல்லை, உடுப்பை யாரும் கவனிக்கவில்லை!

கமுதி எக்ஸ்-சர்வீஸ்:
ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் உடுப்பைத் தாண்டி நான் யோசிக்கவே இல்லை. ஆனால் தம்பி கதை பொய்தானே?

கீழக்கரை காக்கா:
பொய் இல்லை அண்ணே. ஜார்ஜின் அம்மா அலெக்சாண்ட்ராவும் நிக்கோலாஸின் அம்மா மரியாவும் டென்மார்க் ராஜா ஒன்பதாம் கிறிஸ்டியனின் பெண்கள், கூடப்பிறந்த அக்கா தங்கை. அலெக்சாண்ட்ரா 1844, மரியா 1847. ஆக நிக்கோலாஸ் ஜார்ஜுக்குச் சின்னம்மா மகன். ஜார்ஜ் பிறந்தது 1865, நிக்கோலாஸ் 1868. இங்கிலீஷ்காரன் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான். நம் ஊரில் சின்னம்மா மகன், வயசில் இளையவன் என்றால் என்ன முறை? தம்பிதான்.

கைசரின் அம்மா எட்வர்டின் அக்கா. ஆகவே அவர் அத்தை மகன், ஜார்ஜுக்கு மச்சான் முறை. மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் நின்று எடுத்த படம் உங்களுடையது.

மண்டபத்துக்காரன்:
அப்பத்தாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஹுஸார், ரெஜிமென்ட் எதுவும் அதற்குப் பெரிதாகப் படவில்லை. சின்னம்மா மகன் என்ற இடத்தில் மட்டும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "இதைத்தானே நான் சொன்னேன், அதுக்கு இத்தனை பேரா?" என்றது.

படத்தைக் கடல்பக்கச் சுவரிலிருந்து கழற்றி உள் அறையில், சுவரில் ஒட்டாமல் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து மாட்டியிருக்கிறேன். அது சரிதானே காக்கா?

கீழக்கரை காக்கா:
சரிதான். பின்னால் காற்றுப் போனால் போதும். பின் அட்டை மட்டும் நைந்திருந்தால் மாற்றுங்கள், கண்ணாடிப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

காரைக்குடி பழம்பொருள்:
விற்கிற எண்ணம் உண்டா? அந்த ஓட்டையோடே எடுத்துக்கொள்கிறேன்.

மண்டபத்துக்காரன்:
அப்பத்தா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது சொன்னதை இங்கே எழுத முடியாது அண்ணே.