வீட்டு பேட்டரி அறிக்கை: சராசரி போதுமா, ஒவ்வோர் அழைப்புக்கும் கணக்கு வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான்:

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் என் தங்கை போன வாரம் ஓர் அறிக்கையை அனுப்பி, "அண்ணா, எனக்கு வந்திருக்கும் பணம் சரிதானா, பார்த்துச் சொல்" என்றாள். அவள் வீட்டில் 13.5 யூனிட் பிடிக்கும் பேட்டரி ஒன்று இருக்கிறது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஊர் முழுக்க ஏசி ஓடும் நாட்களில், மின் நிறுவனம் வீட்டு பேட்டரிகளுக்கு அழைப்பு விடும். மதியம் 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரி மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டும். ஒரு கோடைக்கு அதிகபட்சம் 60 அழைப்பு. எல்லா அழைப்புக்கும் சேர்த்துச் சராசரி போட்டு, கிலோவாட்டுக்கு 275 டாலர் தருவார்கள்.

அறிக்கையின் உச்சியில் "சராசரி 2.88 கிலோவாட், 792 டாலர்" என்று இருக்கிறது. பேட்டரி பெட்டியிலோ 5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. 5 எப்படி 2.88 ஆனது என்று ஒரு வரி கூட இல்லை. அழைப்பு விவரங்களைத் தனியாகக் கேட்டு வாங்கச் சொல்லி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தங்கை 20 சதவீதத்தை வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். அது 2.7 யூனிட். மீதி 10.8. அவளுக்கு வந்த அழைப்பெல்லாம் மூன்று மணி நேரம் என்பதால் சராசரியாக 3.6 கிலோவாட்தான் வரும், பெட்டியில் எதை எழுதியிருந்தாலும். சரி, அந்த 3.6 ஆவது வந்திருக்க வேண்டுமே? மொத்தம் 30 அழைப்பு. 24 அழைப்பில் 3.6 வந்திருக்கிறது. 6 அழைப்பில் பூஜ்யம். ஜூலையில் வீட்டு வைஃபை ரவுட்டர் படுத்துவிட்டது, பேட்டரிக்கு அழைப்பே போய்ச் சேரவில்லை. 990 டாலர் வர வேண்டிய இடத்தில் 792 வந்ததற்கு அதுதான் காரணம்.

ஜூலையிலேயே தெரிந்திருந்தால் ரவுட்டரை மாற்றியிருப்பாள். சீசன் முடிந்த பிறகுதான் தெரிகிறது. சராசரியை மட்டும் காட்டுவதை நான் அறிக்கை என்றே ஏற்க மாட்டேன். இப்படி ஒரு திட்டம் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ வந்தால், ஒவ்வோர் அழைப்புக்கும் தனிக்கணக்கு தருவதாக எழுதிக் கொடுத்தால்தான் நாம் கையெழுத்துப் போட வேண்டும்.

வில்லியனூர் பொறியாளர்:

தம்பி, உங்கள் கணக்கு சரி. முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. துணை மின் நிலையத்தில் மாலை ஆறரைக்கு லோடு ஏறுவதைப் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் ஒரு வீட்டின் ஆறு பூஜ்யம் கண்ணில் படாது, படவும் வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜூலை 29 அன்று இரவு 7 முதல் 9 வரை ஒரு சோதனை நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு பேட்டரிகளை ஒரே நேரத்தில் இயக்கினார்கள். இரண்டு மணி நேரமும் சராசரியாக 535 மெகாவாட் வந்தது. நெய்வேலி புதிய அனல்மின் நிலையத்தில் ஓர் அலகு 500 மெகாவாட். வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிகள் சேர்ந்து அப்படி ஓர் அலகின் வேலையைச் செய்திருக்கின்றன. அந்த லட்சம் வீட்டில் ரவுட்டர் படுத்த வீடுகளும் இருந்திருக்கும், பேட்டரி காலியான வீடுகளும் இருந்திருக்கும். நெய்வேலியிலும் பாய்லர் குழாய் ஓட்டையானால் அலகு நிற்கத்தான் செய்யும். லோடு பார்ப்பவனுக்கு வேண்டியது, கேட்ட மணியில் கேட்ட அளவு மொத்தமாக வந்ததா என்பது. அதைச் சொல்வது சராசரிதான். வராத நாளுக்குப் பணம் இல்லை என்பதும் நியாயமாகவே எனக்குப் படுகிறது.

மஞ்சக்குப்பத்தான்:

சார், அந்தச் சோதனை முன்கூட்டியே நாள் குறித்து நடந்தது. எல்லோரும் பேட்டரியை நிரப்பிக்கொண்டு காத்திருப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் அழைப்பு, நடுவில் ஒரு நாள் மேகமூட்டம், பேனல் பாதிதான் நிரப்பியது என்றால் மூன்றாம் நாள் எவ்வளவு வரும்? உங்கள் மொத்தக் கணக்குக்கே அதுதானே முக்கியம்? அதுவும் அழைப்பு அழைப்பாகப் பிரித்தால்தான் தெரியும்.

இன்னொன்று. நெய்வேலி அலகு என்.எல்.சி.யின் சொத்து. என் தங்கை வீட்டு பேட்டரிக்கு மாதத் தவணை கட்டுவது அவள். சொத்துக்காரிக்குக் கணக்கு காட்டுவது கடமை.

வில்லியனூர் பொறியாளர்:

மூன்றாம் நாள் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் சோதனையை வைத்துச் சீசன் முழுவதையும் எடைபோடக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்கும் தனிக்கணக்கு வந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைப்பது தப்பு. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: "தந்தது" என்று எதைச் சொல்கிறார்கள்?

உங்கள் தங்கை ஊரில் பேட்டரியிலிருந்து எவ்வளவு வெளியே வந்தாலும் கணக்கில் சேரும். அது வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனதா, தெருக் கம்பிக்குப் போனதா என்று பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் நெருக்கடி நேரத் திட்டம் ஒன்றில் யூனிட்டுக்கு 2 டாலர் தருகிறார்கள், ஆனால் வெளியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குறைத்ததற்கு மட்டும். வழக்கம் என்றால், அழைப்பு இல்லாத முந்தைய நாட்களில் அதே மணி நேரத்தில் அந்த வீடு எப்படி இருந்தது என்று எடுத்த ஒப்பீட்டு அளவு; அதைத்தான் அடிக்கோடு என்கிறேன். ஆக, இரண்டு ஊர் அறிக்கையிலும் "10 யூனிட்" என்று இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால் அடிக்கோடு கட்டாயம் வேண்டும். எப்படியும் நடந்திருக்கப் போவதற்கு ஏன் பணம் தர வேண்டும்? அந்தப் பணம் பேட்டரி இல்லாத வீட்டுக்காரர்களின் பில்லில் இருந்துதான் வரும்.

மஞ்சக்குப்பத்தான்:

இங்கேதான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் தினமும் மாலை ஆறு மணிக்கு லைன் கரண்டை விட்டுவிட்டு பேட்டரியில் ஓட்டுகிறார்கள், உங்கள் மாலை லோடைத் தினமும் குறைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பேட்டரியைச் சும்மா வைத்திருந்து, அழைப்பு வந்த அன்று மட்டும் திறக்கிறார்கள். அடிக்கோட்டுக் கணக்கில் முதல் வீட்டுக்குக் கிடைப்பது சொற்பம், இரண்டாம் வீட்டுக்கு முழுப்பணம். வருடம் முழுக்க உதவிய வீட்டுக்கு இதுவா பரிசு? அறிக்கையில் அந்த வீட்டின் எண் சின்னதாகத் தெரியும், பார்ப்பவர்கள் "இந்த பேட்டரி சரியில்லை" என்பார்கள்.

வில்லியனூர் பொறியாளர்:

தினமும் உதவியதற்கான பலனை அவர்கள் பில்லில் பார்த்துவிட்டார்கள் அல்லவா? மாலையில் வாங்காத யூனிட்டுக்குக் காசு கட்டவில்லை. அதே யூனிட்டுக்கு இன்னொரு முறை பணம் கேட்பது சரியில்லை.

மஞ்சக்குப்பத்தான்:

பகலுக்கும் மாலைக்கும் ஒரே விலை இருக்கும் ஊரில் அந்தப் பலன் எங்கே சார் வருகிறது?

லாஸ்பேட்டை சோலார்:

அண்ணே, நான் பேனல் மாட்டுகிற ஆள், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த விலை விஷயம் விதியில் வந்துவிட்டது. 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் என்று வைத்தது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கும் 2025 ஏப்ரல் 1 முதல், விவசாயம் தவிர. ஊரில் நடைமுறைக்கு வருவது அந்தந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஆணையமே வேறு. கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், புதுச்சேரியில் மாதா மாதம். பேட்டரி அறிக்கை மாதக் கணக்கில் வந்தால் கடலூர்க்காரர்கள் அதைத் தங்கள் பில்லோடு ஒத்துப் பார்க்கவே முடியாது.

அப்புறம் இழப்பு. 10 யூனிட் வெளியே வர வேண்டும் என்றால் நல்ல லித்தியம் பேட்டரிக்கே 11க்கு மேல் உள்ளே போக வேண்டும். அறிக்கையில் 10 மட்டும் தெரியும். மீதி ஒன்று சொச்சம் வீட்டுக்காரர் தலையில். இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

தேய்மானத்துக்கு மட்டும் யாரும் ரொம்பப் பயப்பட வேண்டாம். 60 அழைப்புக்கு 10 யூனிட் வீதம் வருடத்துக்கு 600. தினமும் இரவில் வீட்டுக்கே 10 யூனிட் எடுத்தால் 3,650. நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கும் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியை மட்டும் இந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். அதில் மொத்தமே 1.8 யூனிட், பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும்.

முதுநகர் அக்கா:

நான் வேறு ஒன்று கேட்கிறேன். பணத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரை ஏறியபோது நான் இங்கே கடலூரில்தான் இருந்தேன். கம்பம் எல்லாம் படுத்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர எத்தனையோ நாள் ஆனது. இப்போது மாமியாருக்கு இரவில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, 350 வாட். பேட்டரி போட்டதே அதற்காக.

நீங்கள் சொன்ன 20 சதவீதம், அந்த 2.7 யூனிட், அதில் மெஷின் ஏழரை மணி நேரம் ஓடலாம். அதுவும் ஃபேன், லைட் எதையும் போடாமல். அழைப்பு இரவு 8 மணிக்கு முடிகிறது. அறிக்கையில் இருக்கும் படமும் அங்கேயே முடிகிறது. எட்டு மணிக்கு மேல் சூரியன் ஏது? பேட்டரி எப்போது திரும்ப நிறையும்? விடிகிற வரைக்கும் நான் அந்த 2.7 யூனிட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா? இதை எந்த அறிக்கையாவது சொல்கிறதா?

வில்லியனூர் பொறியாளர்:

அக்கா, புயலைப் பொறுத்தவரை கொஞ்சம் ஆறுதல் உண்டு. நம் பக்கம் லோடு உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே. புயல் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கோடையில் அழைத்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அழைக்காமல் விடுகிற மாதிரி திட்டத்தை வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியைத் தானாக முழுக்க நிரப்பிக்கொள்ளும் வசதி டெஸ்லா நிறுவனத்தின் பவர்வால் என்ற வீட்டு பேட்டரியில் இருக்கிறது.

முதுநகர் அக்கா:

மே மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பதில்லையா சார்? எங்கள் தெருவில் கரண்ட் போவதே அப்போதுதான், எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற இரவுகளில். நீங்கள் அழைக்கப் போவதும் அதே மாலைகளில்தான். பேட்டரி காலியாகிற அன்றுதான் கரண்ட் போகும்.

வில்லியனூர் பொறியாளர்:

அது உண்மை. எனக்குப் பதில் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:

அக்கா கேட்டதும் தங்கைக்கு போன் போட்டேன். ஒரு ஜூலை நாளின் முழுப்படத்தை, மறுநாள் மதியம் வரைக்கும், செயலியில் இருந்து எடுத்து அனுப்பினாள். இரவு 8 மணிக்கு 20 சதவீதம். காலை ஏழு மணி வரை அதே 20. பேனலில் வெயில் ஏறி, நூறைத் தொட்டது மறுநாள் 12 மணிக்குப் பக்கத்தில். ஏறக்குறைய பதினாறு மணி நேரம் அந்த வீடு முழு பேட்டரி இல்லாமல் இருந்திருக்கிறது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த அட்டவணையில் இது தெரியவே இல்லை. தனிக்கணக்கு இருந்தால் போதும் என்று நான் சொன்னது போதாது. அழைப்பு முடிந்தபோது எவ்வளவு சார்ஜ் மிச்சம், மறுபடி எத்தனை மணிக்கு நிறைந்தது, இரண்டும் ஒவ்வோர் அழைப்புக்கு எதிரிலும் வேண்டும்.

முதுநகர் அக்கா:

நான் 60 சதவீதம் ஒதுக்கி வைத்தால்?

மஞ்சக்குப்பத்தான்:

8.1 யூனிட் உங்களுக்கு. மெஷின் மட்டும் என்றால் 23 மணி நேரம். வெளியே தர 5.4 யூனிட், மூன்று மணி நேரத்துக்கு 1.8 கிலோவாட். தங்கை ஊர் விலையில் ஓர் அழைப்பும் தவறாமல் இருந்தால் 495 டாலர். 20 சதவீத ஒதுக்கீட்டில் வரும் 990இல் சரிபாதி.

முதுநகர் அக்கா:

பாதி போதும். ஆனால் அறிக்கையில் என் பேட்டரி பாதிதான் வேலை செய்தது என்று எழுதக் கூடாது. நான் எவ்வளவு தருவதாகச் சொன்னேனோ அதற்கு எதிரில்தான் எவ்வளவு தந்தேன் என்று போட வேண்டும்.

வில்லியனூர் பொறியாளர்:

இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஒதுக்கீட்டை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும், 1.8 என்று சொல்லிவிட்டு 1.8 தரட்டும். லோடு பார்ப்பவனுக்கு, சொன்ன 1.8ஐத் தவறாமல் தரும் இரண்டு வீடு, சில நாள் 3.6, சில நாள் பூஜ்யம் என்று இருக்கும் ஒரு வீட்டைவிட எவ்வளவோ மேல். அடிக்கோடு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை, தம்பி.

மஞ்சக்குப்பத்தான்:

நானும் மாறவில்லை சார். ஸ்மார்ட் மீட்டர் வந்து, மாலை விலை ஏறிய பிறகு அதைத் திரும்பப் பேசுவோம். தங்கை இன்று புது ரவுட்டர் வாங்கிவிட்டாளாம்.