கோட்டு இருந்தும் நனைந்தேன்: மழையில் பைக் ஓட்டிய அனுபவங்கள்

போன ஜூலையில் வேலை விஷயமாகப் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பைக்கில் போனேன். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு தாண்டும்போது வெறும் தூறல்தான். மழைக்கோட்டு தோள்பையில் இருந்தது. மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நிற்காமல் ஏறினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டிக் கோட்டை உதறி மாட்டுவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. ஈரச் சட்டைக்கு மேல் கோட்டு போட்டு என்ன பிரயோஜனம்? அட்டகட்டி போய்ச் சேரும்போது விரல் விறைத்து, கிளட்ச் பிடிக்க முடியவில்லை.

அங்கே டீக்கடைக்காரர் டீயோடு பழைய பேப்பர் நாலு தாளையும் நீட்டினார். "சட்டையப் புழிஞ்சுட்டு, இதை மடிச்சு நெஞ்சோட வச்சு மேல கோட்டை மாட்டுங்க தம்பி. காத்து ஏறாதுங்க" என்றார். அப்படியே செய்தேன். கொஞ்ச தூரத்திலேயே நடுக்கம் நின்றது. அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

எங்கே தண்ணீர் புகுந்தது என்று வால்பாறை போய்த்தான் பார்த்தேன். குளிருக்காகக் கழுத்தில் சுற்றிய துண்டு, திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுத்து வயிறுவரை விட்டிருந்தது. கிளவுஸைக் கோட்டின் கைக்கு மேலே மாட்டியிருந்தேன். கை முன்னால் சரிந்திருப்பதால் வழியும் தண்ணீர் எல்லாம் நேராக அதற்குள்தான் போகும். இப்போது கிளவுஸ் உள்ளே, கோட்டுக் கை வெளியே. அப்புறம் சீட்டும் டேங்கும் சேரும் பள்ளம். அங்கே தண்ணீர் தேங்கி, தையலில் டேப் ஒட்டாத பேன்ட் வழியாக ஊறிவிடுகிறது. உங்களுக்கு எங்கே ஒழுகியது?

* * *

அண்ணா, நான் ஸ்கூட்டர். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர், தினமும். முதலில் கவுன் மாதிரி நீளக் கோட்டு வாங்கினேன். காற்றில் விரிந்து பறக்கும், காலை ஊன்றினால் சுற்றிக்கொள்ளும். பயந்து மாற்றிவிட்டேன். ஜாக்கெட் தனி, பேன்ட் தனி என்பதுதான் சரி.

ஆனால் ஐப்பசி மழையிலும் சென்னையில் புழுக்கம் போவதில்லை. பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை வெளியேற வழியில்லாமல் முதுகெல்லாம் ஈரம். அதனால் ஓட்டும்போது மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட் மட்டும் போடுகிறேன். காட்டன் சுடிதார் கவரில் கட்டிப் பைக்குள் இருக்கும், ஆபீஸில் மாற்றிக்கொள்வேன். காலுக்கு ரப்பர் செருப்பு. ஷூவும் சாக்ஸும் சீட்டுக்கு அடியில்.

* * *

எனக்கு வைசர்தான், அதாவது ஹெல்மெட்டின் முன்கண்ணாடிதான் பிரச்சினை. மூச்சுக்காற்று பட்டு உள்பக்கம் ஆவி படியும், எதிரே வரும் லாரியின் லைட்டில் ஒன்றும் தெரியாது. பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு எடுத்து உள்பக்கம் தேய்த்து, காய்ந்த துணியால் தெளிவாகும்வரை துடைத்தால் சில மணி நேரம் தாங்குகிறது. நீண்ட பயணம் என்றால் பின்லாக் (வைசரின் உள்பக்கம் பொருத்தும், ஆவி படியாத தகடு) போடுங்கள். கறுப்பு வைசரோடு மாலை மழையில் தயவுசெய்து போகாதீர்கள்.

* * *

ஸ்கூட்டர் தங்கச்சி சொன்ன பாலியஸ்டர் டிஷர்ட்டை அடுத்த முறை போட்டுப் பார்க்கிறேன். நனைந்த ஷூவுக்குள் இரவு பேப்பர் திணித்து, நடுவில் ஒருமுறை மாற்றினால் காலையில் போடலாம். இப்போதெல்லாம் ஆழியாறு செக்போஸ்ட்டிலேயே, வெயில் அடித்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன்.