புதுப்பிப்பு: திசையன்விளை போர்வெல் தண்ணீரும் வெள்ளை வீழ்படிவும்

திசையன்விளைப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையாக வந்த வீழ்படிவு (கரையாமல் திரண்டு இறங்கும் பொருள்) குளோரைடுதானா என்று முன்பு கேட்டிருந்தேன். கார்பனேட்டும் அப்படி வரும், முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அதை நீக்குங்க என்று ஒரு அண்ணாச்சி எழுதினார். அருமையான யோசனை.

டியூஷன் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். அமிலம் விட்ட பிறகும் வீழ்படிவு வந்தது. நீர்த்த அம்மோனியாவில் கரைந்தது. ஆக, குளோரைடுதான். புரோமைடு என்றால் இளமஞ்சளாக வந்து அடர் அம்மோனியாவில்தான் கரையும்; அயோடைடின் மஞ்சள் அதிலும் கரையாது.

என்ன உலோகம் இருக்கிறது என்று நிறத்தால் அறிய, தண்ணீரைச் சுண்டவைத்த உப்பைச் சுடரில் காட்டினால், சோடியத்தின் மஞ்சள் கால்சியத்தின் செங்கல் சிவப்பை மறைத்துவிடுகிறது. அதனால் அம்மோனியம் ஆக்சலேட் விட்டோம். வெள்ளையாக இறங்கியது, கால்சியம். மெக்னீசியத்துக்குச் சுடரில் நிறமே கிடையாது.

அப்புறம், தனிம அட்டவணையின் ஒரு தொகுதியில் (நெடுவரிசையில்) கீழே போனால் வினை கூடுமா என்று கேட்டவருக்கு: மெக்னீசியம் குளிர்ந்த நீரில் லேசில் மசியாது, கால்சியம் குமிழி விடும், பேரியம் இன்னும் வேகம். வெளி எலக்ட்ரான் கருவுக்குத் தூரமாவதால் எளிதில் கழன்றுவிடுகிறது. ஹாலஜன்களோ (குளோரின், புரோமின், அயோடின் போன்றவை) எலக்ட்ரானை வாங்க வேண்டியவை. அங்கே அதே தூரம்தான் இடைஞ்சல், அதனால் கீழே போகப் போக வினை குறையும். குளோரின் நீர், பொட்டாசியம் புரோமைடிலிருந்து புரோமினை விரட்டி ஆரஞ்சாக்கும். அயோடினால் அது முடியாது.